கை அறியாத பட்டு

மயில் கழுத்து நிறத்தை எந்தப் படத்தாலும் காட்ட முடியாது. பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம் என்று நெய்த துணி அது. மடிப்பு அசைய அசைய நீலம் பச்சையாகும், பச்சை நீலமாகும். கைப்பேசித் திரையில் இரண்டில் ஒன்றுதான் தெரியும். பட்டுப் புடவையை இணையத்தில் வாங்குவதில் எனக்குள்ள முதல் வருத்தம் இது.

அடுத்தது இதைவிடப் பெரியது. காஞ்சிபுரத்தில் உடலையும் கரையையும் தனித்தனி நிறத்தில் நெய்து கோர்ப்பதைக் கோர்வை என்பார்கள். மூன்று நாடா ஓடும். கரை நாடாவைத் தள்ளவே நெசவாளிக்குத் துணையாக இன்னொருவர் உட்கார வேண்டும். கடையில் புடவையை விரித்ததும் அம்மா அந்தக் கோர்வையில்தான் கட்டைவிரலை ஓட்டுவார். அப்புறம் புரட்டிப் பின்பக்கம் பார்ப்பார். பிறகு வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போவார். இந்த மூன்றில் ஒன்றைக்கூடத் திரையில் செய்ய வழியில்லை. 'காஞ்சிப் பட்டு' என்று தேடினால் 1,000 ரூபாய்க்குள் கிடைக்கும் விசைத்தறிப் புடவையும், இருவர் உட்கார்ந்து பல நாள் நெய்ததும் ஒரே வரிசையில் வருகின்றன. படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே மின்னுகின்றன. கூடவே 'ஆர்ட் சில்க்' என்ற பெயரில் வருவது பட்டே இல்லை, செயற்கை இழை.

என் அண்ணி, மகளின் நிச்சயதார்த்தத்துக்கு ஒரு தளத்தில் 'சுத்தப் பட்டு' என்று போட்டிருந்ததை நம்பி வாங்கினார். முந்தி ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தோம். பட்டு என்றால் முடி கருகும் வாடை வரும், சாம்பல் விரலில் பொடியும். இது உருகி, கறுத்த மணியாகத் திரண்டது. திருப்பி எடுக்கச் சொன்னால், பெட்டி பிரித்த வீடியோ எங்கே என்று கேட்டார்கள்.

"நல்ல நேரம் பார்த்து, விளக்கேத்தி வெச்சுப் பிரிச்சேன். அப்ப யாரு வீடியோ எடுப்பா?" என்றார் அண்ணி.

விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருளைத் திரும்ப வாங்க விற்பவர் மறுக்கக் கூடாது என்று 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள் சொல்கின்றன. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்த பிறகு பணம் வந்தது. அதற்குள் நிச்சயதார்த்தம் முடிந்துவிட்டது.

பணத்தைவிட அண்ணி அன்று சொன்ன ஒரு வார்த்தைதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. "காஞ்சிப் பட்டெல்லாம் இப்ப இப்படித்தான் போல" என்றார். தறியையே பார்க்காத யாரோ செய்த ஏமாற்று, காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருப்பவரின் பெயரில் போய் விழுகிறது. காஞ்சிபுரம் பட்டு என்பது புவிசார் குறியீடு வாங்கிய பெயர்.

சில்க் மார்க் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது பட்டு சுத்தமா என்பதற்குத்தான் சாட்சி. கைத்தறியா விசைத்தறியா என்று சொல்லாது. கோர்வையையும் பின்பக்கத்தையும் கிட்டத்தில் படம் எடுத்துப் போடாத தளத்தில் முகூர்த்தப் புடவை வாங்க வேண்டாம் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சென்னைக்காரர்களுக்குக் காஞ்சிபுரம் காலையில் கிளம்பினால் மாலையில் திரும்பிவிடும் தூரம்தான். வீட்டுப் பெரியவர் ஒருவரையும் கூட்டிப் போங்கள்.