ஆயாவின் கால்

எங்கள் ஊர் பிள்ளைப்பாக்கம். ஏரி நிரம்பினால் மிகுந்த நீர் கலங்கல் வழியே இறங்கிப் போகும். போகும் வழி அடைபட்டால் என்ன ஆகும் என்று எங்கள் ஊரில் சிறு பிள்ளையும் சொல்லும். ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே அப்படி ஓர் அடைப்பு இருந்ததை இரட்டையராகிய நாங்கள் வெகுநாள் அறியவில்லை.

எங்கள் ஆயாவுக்கு இடது கால் யானைக்கால். பள்ளித் தோழியர் வரும் நாளில், "ஆயா, நீ உள்ளே போய் உட்காரு" என்போம். அவரும் பேசாமல் எழுந்து போவார். ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்தில் அவர் பாயில்கூட நாங்கள் உட்கார்ந்ததில்லை.

இந்த ஆண்டு உயிரியல் வகுப்பில் சிஸ்டர் நிணநீர் மண்டலம் நடத்தினார்கள். இரத்த நுண்குழாய்களிலிருந்து திசுக்களுக்குள் ஓயாமல் நீர் கசிகிறது. அதில் மிஞ்சுவது நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 முதல் 3 லிட்டர். நிணநீர்க் குழாய்கள் அதைச் சேர்த்து எடுத்துச் செல்கின்றன. வழியில் தொடையிடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் உள்ள நிணநீர் முடிச்சுகள் கிருமிகளை வடிகட்டுகின்றன. காலில் முள் தைத்துப் புண்ணானால் நெறி கட்டுகிறதல்லவா? அது இம்முடிச்சுகளின் போராட்டமே! இரு கால்களின் நிணநீரும் மார்பு நாளம் வழியே ஏறி, இடப்பக்கக் கழுத்தடியில் சிரையில் கலக்கிறது. இதை இறைக்கத் தனி இதயம் இல்லை. குழாய்ச் சுவர்கள் சுருங்குவதும், நாம் நடப்பதும், மூச்சு விடுவதுமே அதை மேலேற்றுகின்றன. வால்வுகள் அது கீழே இறங்காமல் காக்கின்றன.

பிறகு யானைக்கால் படம் வந்தது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். கியூலெக்ஸ் கொசுவால் பரவும் நூல் போன்ற புழுக்கள் இக்குழாய்களில் குடியேறி அவற்றைக் கெடுத்துவிடுகின்றன. நீர் வடியாமல் கால் வீங்குகிறது. புழுவின் இளம் பருவத்தை மனித இரத்தத்தில் 1872-இல் கல்கத்தாவில் கண்டவர் திமொதி லூயிஸ். அவை பெரும்பாலும் இரவில்தான் இரத்தத்தில் உலவுமாம். தொட்டால் இந்நோய் ஒட்டாது என்றும் சிஸ்டர் சொன்னார்கள்.

அன்று மாலை ஆயாவிடம் இதையெல்லாம் சொன்னோம். "ஓகோ, அதுக்குத்தான் ராத்திரியிலே வந்து விரல்லே குத்தி ரத்தம் எடுத்தாங்களா? நான் பயந்து ஓடிட்டேனே!" என்றார். யானைக்கால் நோய்க் கட்டுப்பாட்டுத் திட்டம் நம் நாட்டில் தொடங்கியது 1955-இல். அந்த ஒரு துளி இரத்தத்தைக் கொடுத்திருந்தால்!

இப்போது தினமும் மாலையில் நாங்கள் அந்தக் காலைச் சோப்பு நீரில் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, தலையணைமேல் உயர்த்தி வைக்கிறோம். கணுக்காலை மேலும் கீழும் அசைக்கச் சொல்கிறோம். வீக்கம் போய்விடவில்லை. ஆனால் அடிக்கடி வந்த குளிர்காய்ச்சல் குறைந்திருக்கிறது.

தோழியர் வந்தால் ஆயா எழுந்து போக முயல்வார். நாங்கள் அவர் பாயிலேயே இருபுறமும் உட்கார்ந்துகொள்கிறோம்.