ஹதீதும் ஹத்தும்

அலுமினியம் என்றாலே நம் இல்லங்களில் சற்று இளக்காரம் உண்டு. செம்புக் குடம் மகளுக்குச் சீராகப் போகும். அலுமினியக் குண்டான் நசுங்கி, எடைக்குப் போகும். இத்தனைக்கும் எங்கள் கடத்தூருக்குத் தெற்கேயுள்ள சேர்வராயன் மலையின் பாக்சைட்டைக் கொண்டுதான் 1965 முதல் பல்லாண்டுகள் மேட்டூரில் அந்த உலோகத்தை உருக்கினார்கள்.

என்னிடம் ஓதிய பிள்ளை ஒருவர் காவற்படையில் இருக்கிறார். அவருடைய தாயார் ஒருநாள் கேட்டார்: "ஹஜ்ரத், மகனுக்கு இலேசான துப்பாக்கி கொடுத்திருக்கிறார்களாம். உடம்பு அலுமினியமாம். சமயத்துக்குக் கைகொடுக்குமா?"

கிதாபு ஓதிக்கொடுப்பவனிடம் கேட்கும் கேள்வியன்று. ஆயினும் ஒரு தாய் தன் மகனின் உயிரைப் பற்றிக் கேட்கிறார். தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. தேடிப் படித்தேன்.

துப்பாக்கி முழுவதும் அலுமினியம் அன்று. குண்டு பாயும் குழலும், சுடுந்தோறும் பின்னோக்கி ஓடி மீளும் ஸ்லைடு என்னும் மேற்பகுதியும் எஃகுதான். அவற்றைத் தாங்கும் சட்டம் மட்டுமே அலுமினியக் கலவை. எஃகின் எடையில் அது ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு. நாள் முழுதும் இடுப்பில் சுமப்பவருக்கு இது சிறிய சலுகையன்று. நம் படைகளுக்காக இஷாப்பூரில் செய்யப்பட்ட 9 மி.மீ. பிஸ்டலின் சட்டமோ எஃகே. பெண்களை மனத்திற்கொண்டு 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை வெளியிட்ட 'நிர்பீக்' ரிவால்வர் டைட்டானியக் கலவையால் ஆனது. எடை அரைக் கிலோவை ஒட்டியது. (விலைதான் இலட்ச ரூபாயைத் தாண்டியது!)

அரபியில் இரும்புக்கு 'ஹதீத்' என்று பெயர், எல்லைக்கு 'ஹத்து'. இரண்டையும் அகராதியாசிரியர்கள் ஒரே வேரின்கீழ் வைப்பர். உலோக நூலார் கூற்றைப் படித்தபோது இப்பொருத்தம் எனக்கு வியப்பூட்டியது. எஃகுக்கு ஓர் எல்லை உண்டு. அதற்குட்பட்ட அடியை இலட்சக்கணக்கான முறை வாங்கினாலும் அது அயராது. அலுமினியத்துக்கு அப்படியோர் எல்லை இல்லை. சிறு அடியும் கணக்கில் ஏறும். கணக்கு நிறைந்தால் கீறல் விழும். முன்னோர் இதையறிந்தே பெயரிட்டனர் என்று நான் சொல்ல வரவில்லை. அத்தகைய பெருமைப் பேச்சு எனக்கு உவப்பானதன்று.

மேற்கு ஜெர்மனி இதை அனுபவத்தில் கண்டது. போர்க்காலத்தில் எஃகுச் சட்டத்தோடு வந்த வால்தர் பி.38 துப்பாக்கியை 1957 முதல் அலுமினியச் சட்டத்தில் செய்தனர். சட்டங்களில் கீறல் கண்டது. 1970களின் நடுவில், அடி விழும் இடத்தில் ஆறுபட்டை எஃகு முளை ஒன்றைக் குறுக்கே பொருத்தி வலுவூட்டினர்.

ஆனால் அடுத்த செய்தி என் எண்ணத்தைப் புரட்டிப்போட்டது. அமெரிக்கப் படை 1985இல் அலுமினியச் சட்டமுடைய பெரெட்டாவை ஏற்றது. ஈராண்டு, மூவாண்டுக்குள் சில துப்பாக்கிகள் சுடும்போதே உடைந்து, சுட்டவர்கள் முகத்தில் காயமுற்றனர். உடைந்தது எது? எஃகு ஸ்லைடு! உடைந்த துண்டு பின்னோக்கிப் பறக்காதபடி ஓர் ஊசியின் தலையைப் பெரிதாக்கினர். நாம் இளக்காரமாக நினைக்கும் அலுமினியச் சட்டத்தோடே அது முப்பதாண்டுகளுக்கு மேல் பணியிலிருந்தது. 2017இல்தான் வேறு துப்பாக்கி அதன் இடத்திற்கு வரத் தொடங்கிற்று.

ஸ்லைடைத் தடுத்து மீட்பது ஒரு சுருள் ஸ்பிரிங். அது தளர்ந்தால் அடியின் வேகம் தணியாமல் சட்டத்தின்மேல் விழும். துப்பாக்கியிலேயே விலை குறைந்த உறுப்புகளுள் அதுவும் ஒன்று. இத்தனை தோட்டாவுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று செய்தவர்களே வரையறுக்கிறார்கள். ஆகவே ஆயுதக் கிடங்கில் அந்த மகன் கேட்க வேண்டியவை இரண்டு: இந்தத் துப்பாக்கி இதுவரை எத்தனை தோட்டா சுட்டிருக்கிறது, ஸ்பிரிங் கடைசியாக என்று மாற்றப்பட்டது. இரண்டுக்கும் ஏட்டில் விடை இருக்க வேண்டும்.