இடி மின்னலும் எங்கள் வீட்டு எர்த்தும்



"டீச்சர், அந்த இடி பாதுகாப்புப் பெட்டி போட்டாச்சா? போடலாமா, வேண்டாமா?" என்று இந்த இரண்டு மாதத்தில் ஏழெட்டுப் பேர் போனில் கேட்டுவிட்டீர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி மாளவில்லை. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். பதிவு கொஞ்சம் நீளம்தான். ஐப்பசி பிறக்கும் முன்னே பொறுமையாக வாசித்துவிட்டால் உங்கள் வீட்டுக்கும் உபயோகப்படும்.

விஷயம் தெரியாதவர்களுக்காக: சித்திரை மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி நிற்கும் தென்னையில் இடி விழுந்தது. மரத்தின் மண்டை கருகிப் போயிற்று. தெய்வாதீனமாக ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வரிசையில் நாலு வீட்டில் சாமான்கள் போய்விட்டன. ஒரு வீட்டில் பிரிட்ஜ், ஒரு வீட்டில் கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர். எங்கள் வீட்டில் டி.வி.யும் இன்டர்நெட் மோடமும். இத்தனைக்கும் மேகம் கறுத்ததுமே என் வீட்டுக்காரர் டி.வி. பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார். கேபிள் ஒயர் மட்டும் பின்னால் சொருகியிருந்தது. அந்த வழியாக வந்துவிட்டது.

டி.வி. போனது போகட்டும். எனக்குத் தூக்கம் போனது வேறு காரணத்தால். அதே நேரத்தில் பக்கத்து அறையில் அவருடைய ஆக்சிஜன் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு நுரையீரல் தொந்தரவு இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். ஒரு நாளில் குறைந்தது 15 மணி நேரம் மெஷின் வேண்டும் என்பது டாக்டர் சொன்ன கணக்கு. அன்றைக்கு அது தப்பித்தது. ஏன் தப்பித்தது என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"இடி மின்னல் என்றால் பிளக்கைப் பிடுங்கு" என்று நானே முப்பத்தைந்து வருடம் வகுப்பில் சொன்னவள். இன்றைக்கும் அதைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது. ஒயரே இணைக்கப்படாத சாமானுக்குள் கரன்ட் எப்படிப் போகும்? ஆனால் மூச்சுக்கு வேண்டிய மெஷினின் பிளக்கை ஒவ்வொரு இடிக்கும் எப்படிப் பிடுங்குவது? நம் ஊருக்கு இரண்டு மழை. ஆனி ஆடிச் சாரலுக்கு இடி குறைவு. சித்திரை வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி கார்த்திகையிலும் சாயங்காலம் ஆனால் மலைப்பக்கம் உறும ஆரம்பித்துவிடும். கரு மேகம் வேளிமலைக்கு மேலே ஏறினாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். பெங்களூரில் இருக்கும் மகன், "அம்மா, ஆன்லைனில் சர்ஜ் புரொடெக்டர் பார்த்து வைத்திருக்கிறேன், நாளைக்கே வந்துவிடும்" என்றான். எங்கள் மைனி, "அந்தக் காலத்தில இடி இடிக்கல்லியா? அர்ச்சுனா அர்ச்சுனான்னு சொல்லிட்டு இருந்தோம்லா" என்றார். மைனி சொன்ன காலத்தில் வீட்டில் இருந்தது நாலு குண்டு பல்பும் ஒரு மின்விசிறியும்தான். அவை முரட்டுச் சாமான். இன்றைக்கு எல்.இ.டி. பல்பு முதல் வாஷிங் மெஷின் வரை எல்லாவற்றுக்குள்ளும் நகம் அளவு எலக்ட்ரானிக் துண்டுகள் இருக்கின்றன. 230 வோல்ட்டுக்குப் பழகிய அந்தத் துண்டுகளுக்கு ஓராயிரம் வோல்ட் கண்ணிமைக்கும் நேரம் வந்தாலும் போதும்.

கடைசியில் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை ஒருவனைக் கூப்பிட்டேன். இப்போது நல்ல எலக்ட்ரீசியன். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டான். வகுப்பில் வாய் திறக்காதவன், அன்றைக்கு எனக்கே ஒரு மணி நேரம் பாடம் எடுத்தான்.

முதலில் நான் கேட்டேன்: "மக்களே, வீட்டில் எம்.சி.பி. இருக்கு, ஷாக் அடிக்காமல் இருக்க ஆர்.சி.சி.பி. இருக்கு, ஸ்டெபிலைசர் இருக்கு. இதெல்லாம் போதாதா?"

"போதாது டீச்சர். அதுக்கெல்லாம் வேலை வேற" என்றான்.

அவன் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். ஒரு மின்னலில் சாதாரணமாக 30,000 ஆம்பியர் அளவுக்குக் கரன்ட் பாயும். நம் வீட்டு மெயினோ 32 அல்லது 40 ஆம்பியர். மின்னல் நேராக வீட்டில் விழ வேண்டியதில்லை. பக்கத்தில் மரத்திலோ கம்பத்திலோ விழுந்தாலே லைன் கம்பியிலும் கேபிளிலும் ஒரு அலை கிளம்பும். அந்த அலை மைக்ரோசெகண்ட் கணக்கில் வந்து போய்விடும். எம்.சி.பி. விழுவதற்கு மில்லிசெகண்ட் கணக்கில் நேரம் வேண்டும். அதாவது ஆயிரம் மடங்கு தாமதம். திருடன் போன பிறகு கதவை அடைக்கிற கதை.

அப்படியானால் எஸ்.பி.டி. என்கிற அந்தப் பெட்டி என்ன செய்கிறது? நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க ஒரே வார்த்தை போதும்: மறுகால். குளத்தில் தண்ணீர் அளவோடு நிற்கும்போது மறுகாலுக்கு வேலையே இல்லை. பெருமழையில் தண்ணீர் மட்டம் ஏறினால் மிச்சத் தண்ணீர் மறுகால் பாய்ந்து ஓடையில் இறங்கிவிடும், கரை பிழைக்கும். எஸ்.பி.டி.க்குள் துத்தநாக ஆக்சைடால் செய்த ஒரு வில்லை இருக்கிறது. சாதாரண வோல்ட்டேஜில் அது கரன்ட்டை விடாது. வோல்ட்டேஜ் திடீரென்று ஏறினால் நொடிப்பொழுதில் வழிவிட்டு, மிச்சத்தை எர்த்துக்குத் தள்ளிவிடும். அலை போனதும் பழையபடி மூடிக்கொள்ளும்.

மறுகால் இருந்தால் போதுமா? அதற்குக் கீழே ஓடை வேண்டாமா? ஓடை தூர்ந்து கிடந்தால் மறுகால் இருந்தும் கரை உடையத்தானே செய்யும்? எஸ்.பி.டி.க்கு அந்த ஓடைதான் எர்த்து. மகன் ஆன்லைனில் பார்த்த பெட்டியை நாங்கள் உடனே வாங்காமல் இருந்ததற்கும் இதுதான் காரணம்.

எங்கள் வீடு மாமனார் கட்டியது. அப்போது கொல்லைப்புறத்தில் குழி தோண்டி, இரும்புக் குழாய் இறக்கி, கரியும் உப்பும் போட்டு எர்த்து வைத்தார்கள். முறைதான். ஆனால் குழாய் துருப்பிடிக்கும், உப்பு கரையும், கோடையில் மண் காயும். பையன் மீட்டர் வைத்து அளந்தான். 40 ஓமுக்கு மேல் காட்டியது. "5 ஓமுக்குள்ள இருந்தா நல்லது டீச்சர். இந்த எர்த்த வச்சிட்டு எவ்வளவு வெலகூடின பெட்டி மாட்டினாலும் பிரயோசனம் இல்ல. மொதல்ல இதைச் சரிபண்ணுவோம், பொறவு பெட்டி" என்றான்.

அப்படியே செய்தோம். செம்பு பூசிய கம்பியைப் புதிதாக இறக்கி, ஈரம் பிடித்து வைக்கும் களிமண் பொடி சுற்றிலும் நிரப்பி, மேலே மூடி போட்டு, பழைய எர்த்தையும் இதனோடு சேர்த்துக் கட்டினான். அளந்தால் 4 ஓமுக்கு வந்திருந்தது. கேபிள், டெலிபோன் எது வந்தாலும் எல்லாவற்றின் எர்த்தும் ஒரே இடத்தில் சேர வேண்டும் என்றான். தனித்தனி எர்த்து வைத்தால், இடி விழும்போது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவே வோல்ட்டேஜ் வித்தியாசம் வந்து, சாமான் நடுவில் மாட்டிக்கொள்ளுமாம். எங்கள் டி.வி.யில் கேபிள் வழியாக நடந்ததை நினைத்துக்கொண்டேன்.

அதன் பிறகுதான் எஸ்.பி.டி. இதில் மூன்று வகை உண்டு. கூரையில் இடிதாங்கி வைத்த கட்டடத்துக்கு டைப் 1. நம்மைப் போன்ற வீட்டுக்கு மெயின் டி.பி. பெட்டியில் டைப் 2. சாமான் பக்கத்தில், பிளக்கோடு சேர்ந்து வருவது டைப் 3. நாங்கள் போட்டது டைப் 2. வாங்கப் போகிறவர்கள் மூன்று விஷயம் கவனியுங்கள். ஒன்று, தொடர்ந்து தாங்கும் வோல்ட்டேஜ் 275, 320 என்று போட்டிருக்கும். ராத்திரியில் நம் தெருக்களில் வோல்ட்டேஜ் ஏறும் என்பதால் 320 எடுக்கச் சொன்னான். இரண்டு, டி.பி.யில் அதற்குப் போகும் ஒயர்கள் எல்லாம் சேர்த்து அரை மீட்டருக்குள் நேராக இருக்க வேண்டும். சுற்றி வளைத்துக் கட்டினால் பலன் குறைந்துவிடும். மூன்று, அதில் ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். பச்சையாக இருந்தால் உயிரோடு இருக்கிறது. சிவப்பானால் அந்த வில்லை தன் வேலையைச் செய்து ஓய்ந்துவிட்டது, மாற்ற வேண்டும். மாதம் ஒன்றாம் தேதி நான் போய்ப் பார்க்கிறேன். வருகைப் பதிவேடு எடுத்த பழக்கம் விடாதே!

எர்த்துக்கும் பெட்டிக்கும் கூலிக்கும் சேர்த்து எங்களுக்கு 13,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே ஆயிற்று. பென்ஷன்காரிக்கு அது சின்னத் தொகை இல்லை. போன டி.வி.யின் விலையையும் மெஷினின் விலையையும் கூட்டிப் பார்த்தபோது கணக்கு சரியாகத்தான் வந்தது.

ஆனால் பிள்ளைகளே, இந்தப் பெட்டி எதைச் செய்யாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நேராக வீட்டின் மேல் இடி விழுந்தால் இதை மட்டும் நம்ப முடியாது. அதேபோல, தென்னை மட்டை விழுந்து லைனில் நியூட்ரல் அறுந்தால் வீட்டுக்குள் 400 வோல்ட்டை நெருங்கிக்கூட வரும். அது கண்ணிமைக்கும் நேரத்து அலை இல்லை, நின்று அடிக்கும். அதற்கு வோல்ட்டேஜ் கூடினால் தானே துண்டிக்கும் ரிலே தனியாக உண்டு. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் அடித்து மரமும் கம்பமும் சாய்ந்ததைப் பார்த்த நமக்கு லைன் எப்படியெல்லாம் அறும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. இன்வெர்ட்டரும் கரன்ட் போனால் ஓட்டும், அவ்வளவே. மின்னலைத் தடுப்பது அதன் வேலை இல்லை.

ஆகவே மெஷின் விஷயத்தில் பெட்டியை நம்பி நான் நிற்கவில்லை. சின்ன 'பி' டைப் ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று நிரப்பி, கட்டிலுக்குப் பக்கத்தில் சங்கிலி போட்டு நிறுத்தியிருக்கிறோம். அதில் சுமார் 1,500 லிட்டர். அவருக்கு நிமிடத்துக்கு 2 லிட்டர். வகுத்துப் பாருங்கள், 12 மணி நேரத்துக்கு மேல் வரும். இடி தலைக்கு மேலே வருவதற்கு முன்பே மெஷினை நிறுத்திப் பிளக்கைப் பிடுங்கி சிலிண்டருக்கு மாற்றிவிடுகிறோம். ராத்திரி தூக்கத்தில், நாங்கள் எழுந்திருக்கும் முன் வரும் இடிக்குத்தான் எஸ்.பி.டி. வீட்டில் யாராவது மெஷினை நம்பி மூச்சுவிடுகிறவர்கள் இருந்தால், பெட்டிக்கு முன்னால் சிலிண்டரை வாங்குங்கள். டாக்டரிடம் கேட்டு, ஓட்டத்தின் அளவையும் எழுதி ஒட்டி வையுங்கள்.

இன்னொன்று. பெட்டி காப்பது சாமானைத்தான், ஆளை அல்ல. நம் நாட்டில் மின்னல் தாக்கி ஆண்டுதோறும் 2,000-க்கும் மேற்பட்டவர்கள் சாகிறார்கள். வயலில் நிற்பவர்களும், மரத்தடியில் ஒதுங்குபவர்களும், ஆடுமாடு மேய்ப்பவர்களும்தான் இதில் அதிகம் அகப்படுகிறார்கள். மின்னல் கண்டதும் ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொல்லி வகுப்பில் பழக்கினேனே, ஞாபகம் இருக்கிறதா? மூன்று எண்ணினால் ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணும் முன் இடி கேட்டால் வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்துத்தான் வெளியே இறங்க வேண்டும். தலைக்கு மேலே இடித்துக்கொண்டிருக்கும்போது குளிக்க வேண்டாம், சார்ஜில் போட்ட போனைப் பேச வேண்டாம், அந்த நேரத்தில் ஓடிப்போய்ப் பிளக்கைத் தொடவும் வேண்டாம். புனேயில் உள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் 'தாமினி' என்று ஒரு செயலி கொடுத்திருக்கிறது. பக்கத்தில் மின்னல் வந்தால் போனில் சொல்லும். இலவசம்தான், போட்டுக்கொள்ளுங்கள்.

ஆக, போடலாமா வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு என் பதில் இது. முதலில் எர்த்தை அளக்கச் சொல்லுங்கள். பத்து வருடத்துக்கு மேற்பட்ட வீடென்றால் கட்டாயம் அளக்க வேண்டும். எர்த்து நன்றாக இருந்தால் டைப் 2 எஸ்.பி.டி. போடுங்கள், வீண் செலவு இல்லை. இரண்டுக்கும் கையில் காசு இல்லை என்றால் எர்த்தை மட்டும் சரிபண்ணுங்கள். ஷாக் அடித்து ஆள் சாகாமல் இருக்கவும் அதுதான் வேண்டும். வாடகை வீட்டில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்காரரிடம் எர்த்தைப் பற்றி ஒரு வார்த்தை கேளுங்கள். பிளக்கையும் கேபிளையும் சேர்த்துப் பிடுங்கும் பழக்கத்தை விடாதீர்கள், அதற்குக் காசே வேண்டாம்.

எங்கள் வரிசையில் இதுவரை மூன்று வீட்டில் எர்த்து புதுப்பித்தாயிற்று. மைனி வீட்டிலும் நாளைக்கு ஆள் வருகிறது. உங்கள் வீட்டு எர்த்து எத்தனை ஓம் என்று அளந்த பிறகு கீழே எழுதுங்கள். எழுதாதவர்கள் பெயரைக் குறித்து வைத்துக்கொள்வேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர், வடசேரி