பேசாத சாளரம்

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு பயிலும் நான், எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். என் தந்தையார் தெருக்கூத்தில் மத்தளம் வாசித்தவர். மணிக்கட்டு வலியால் சென்ற ஆண்டோடு நிறுத்திவிட்டார். அவர் கடைசியாக வாசித்த இரவைப் பங்காளி வீட்டு அண்ணன் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்தார். ஆறு மணி நேரப் படம்! அதைச் சுருக்கி ஜமாவில் எல்லோருக்கும் கொடுக்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை.

எஃப்எஃப்எம்பெக் என்னும் இலவச நிரல் அதைச் செய்யும். ஆனால் கறுப்புத் திரையில் ஆங்கிலக் கட்டளையைத் தட்ட வேண்டும். ஜமாவில் யார் தட்டுவார்கள்? ஆகவே பைத்தானில் ஒரு சிறு சாளரம் செய்தேன். பொத்தானை அழுத்தினால் உள்ளே கட்டளை ஓடும். அது சொல்வதைப் பிடித்து எத்தனை விழுக்காடு முடிந்தது என்று தமிழில் காட்டும். அக்கா பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற அரசு மடிக்கணினியில், லினக்சில்தான் எல்லாம். (அக்காவை மேலே படிக்க வைக்கவில்லை. அது தனிக் கதை.)

இரண்டு நிமிடத் துண்டுகள் முடிந்தன. விழுக்காடு மட்டும் வரவில்லை. பிறகு பார்க்கலாம் என்று விட்டேன். முழுப் படத்தைக் கொடுத்தபோது சாளரமே உறைந்தது. நிரல் முடியட்டும் என்று சாளரமும் கூடவே காத்திருந்ததுதான் காரணம். காத்திருக்கும் வேலையைத் தனி இழைக்கு மாற்றினேன். சாளரம் பிழைத்தது, ஆனால் சில நிமிடங்களில் கோப்பு வளர்வது நின்றது. மூடிவிட்டுத் திறந்தால் படம் ஓடவே இல்லை.

"என்னடா தம்பி, மெசினு மக்கர் பண்ணுதா? உனக்கு வராதுன்னா விட்டுடு" என்றார் அப்பா. அவர் கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் சுட்டது.

அதே கட்டளை கறுப்புத் திரையில் நிற்காமல் ஓடியது! எங்கள் விரிவுரையாளரிடம் காட்டினேன். "அது எந்த வாயால் பேசுகிறது, நீ எந்த வாயைக் கேட்கிறாய்?" என்றார். நிரலுக்கு வெளியீட்டு வழிகள் இரண்டு: ஒன்று விடைக்கு, மற்றது பிழைச் செய்திக்கு. எஃப்எஃப்எம்பெக் தன் முன்னேற்றத்தை இரண்டாவதில்தான் சொல்கிறது. நானோ இரண்டிலும் குழாய் மாட்டிவிட்டு, முதலாவதை மட்டும் படித்துக்கொண்டிருந்தேன்.

நிரல்களைத் தோட்டத்துக் குழாய்போல இணைக்கலாம் என்று 1964இல் எழுதியவர் டக்ளஸ் மெக்கில்ராய். 1973இல் அதை யூனிக்சில் அமைத்தவர் கென் தாம்சன். லினக்சில் அந்தக் குழாயின் கொள்ளளவு வழக்கமாக 65,536 பைட்டு. யாரும் மொள்ளாவிட்டால் நிறைந்துவிடும். எழுதும் நிரல் அப்படியே நின்றுவிடும். வினாடிக்கு ஏறத்தாழ இருமுறை வரும் முன்னேற்ற வரி சில நிமிடங்களில் நிரப்பிவிட்டது. சிறு துண்டுகள் தப்பியதும் இதனால்தான்.

இரண்டாவது குழாயைப் படிக்க இன்னோர் இழை வைத்தேன். அது வரியை வரிசையில் போடும். சாளரம் 100 மில்லி வினாடிக்கு ஒருமுறை எடுத்துக் காட்டும். மாற்றியது பதினைந்து வரிதான்.

அன்றிரவு அப்பா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். எண் ஏற ஏற, வலிக்கும் கையாலேயே மேசையில் தாளம் போட்டார். நாற்பதில் உறங்கிப்போனேன். விழித்தபோது நூறு என்றிருந்தது. அப்பா ஏற்கெனவே முதல் விருத்தத்துக்கு வந்திருந்தார். சத்தத்தைக் கூட்டத் தெரியாமல் காதைத் திரையருகே வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.