நம் வீட்டுப் பாத்திரங்களும் நம் பிள்ளைகளும்

அளவற்ற அருளாளன், நிகரற்ற அன்புடையோன் அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

இருள் சூழத் தொடங்கியதும் பிள்ளைகளை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளுமாறும், அல்லாஹ்வின் பெயர் கூறிக் கதவை அடைக்குமாறும், தண்ணீர்த் தோற்பையின் வாயைக் கட்டுமாறும், பாத்திரங்களை மூடுமாறும், மூட ஒன்றும் கிடைக்காவிட்டால் அதன் குறுக்கே எதையேனும் வைக்குமாறும் நபி (ஸல்) அவர்கள் நமக்கு அறிவுறுத்தியுள்ளார்கள். ஜாபிர் பின் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்த ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இடம்பெற்றுள்ளது. மதரஸாவில் இதனைப் பாடமாக நடத்தும்போதெல்லாம் ஒரு செய்தி நம் உள்ளத்தில் தைக்கும். பிள்ளையின் பாதுகாப்பும் பாத்திரத்தின் பாதுகாப்பும் இங்கே ஒரே அறிவுரையில் இணைந்து வருகின்றன.

நம் மேல்பட்டாம்பாக்கத்தைச் சுற்றிலும் கரும்பும் நெல்லும் விளைகின்றன. பயிருக்கு அடித்தது போக மிஞ்சிய மருந்து, ஒரு சிறு பாட்டிலில் வீடு வந்து சேர்கிறது. தெருவில் விற்று வருபவரிடம் பினாயிலும் ஆசிடும் வாங்குகிறோம். பழைய குளிர்பான பாட்டிலில் ஊற்றித் தருகிறார். மண்ணெண்ணெய்க்கும் பல வீடுகளில் அதே பாட்டில்தான். பெரியவர்களுக்கு அதன் வாடையும் தெரியும், வைத்த இடமும் தெரியும். மூன்று வயதுப் பிள்ளைக்கு எழுத்து தெரியாது. வாடையைக் கொண்டு விலகவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பாட்டிலின் உருவம் ஒன்றே. இதில் இருப்பதைக் குடிக்கலாம் என்று நேற்றுவரை கற்றுக்கொடுத்தவர்கள் நாமேதான். ஆகவே அந்தப் பிள்ளை சேட்டை செய்யவில்லை. நாம் கற்பித்தபடியே நடக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், நம்மிடம் ஓதவரும் மாணவன் ஒருவனின் தம்பி, விளையாடி வந்த தாகத்தில் அடுப்பங்கரையில் இருந்த பாட்டிலைத் திறந்து ஒரு மிடறு மண்ணெண்ணெய் குடித்துவிட்டான். கூடியவர்களுள் ஒருவர் உப்பு நீரைக் கரைத்து, வாந்தி எடுக்க வைக்க முனைந்தார். பக்கத்து வீட்டில் இருந்த செவிலியர் சகோதரி ஓடிவந்து தடுத்தார். வாந்தியுடன் மேலேறும் மண்ணெண்ணெய் மூச்சுக்குழாய்க்குள் புகுந்தால் நுரையீரல் புண்ணாகிவிடும் என்று அவர் எடுத்துச் சொன்னார். சில நாள் சிகிச்சைக்குப் பின், அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை நலமடைந்தான்.

அன்று மஃரிபுக்குப் பின், "எல்லாம் அல்லாஹ் விதித்த கத்ர்தானே ஹஜ்ரத்" என்றார் ஒருவர். கத்ரை நம்புவது ஈமானின் கடமைகளில் ஒன்று. அதில் நமக்கு ஐயமில்லை. ஆனால், ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின்மீது பொறுப்புச் சாட்டுமாறுதான் நபி (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள் (நூல்: திர்மிதி). கத்ர் என்பது துன்பம் நேர்ந்த பின் நெஞ்சை ஆற்றும் மருந்து. துன்பம் நேருமுன் நம் கைகளைக் கட்டிப்போடும் கயிறு அன்று. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அந்தப் பொறுப்பைக் குறித்து மறுமையில் நாம் விசாரிக்கப்படுவோம்.

நஞ்சு வாய்வழியாகத்தான் வரவேண்டும் என்பதில்லை. 2024 நவம்பரில், சென்னையை அடுத்த குன்றத்தூர்ப் பகுதியில், எலித் தொல்லைக்காக வீட்டினுள் வைக்கப்பட்ட மருந்தின் நெடியைச் சுவாசித்து இரு பிள்ளைகள் உயிரிழந்தனர். பெற்றோரும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். பிள்ளைகள் உறங்கும் அறையில் எலிமருந்து எந்த வடிவிலும் இருத்தலாகாது. பசைபோல வரும் எலிமருந்துகளில் சில மஞ்சள் பாஸ்பரஸ் கொண்டவை. அதனை உண்டவர் ஓரிரு நாட்கள் நலமாகவே தோன்றுவார். பின்னரே கல்லீரல் செயலிழக்கத் தொடங்கும். "நன்றாகத்தானே விளையாடுகிறான்" என்று வீட்டில் வைத்துக்கொள்வது பெரும் ஆபத்து.

நன்னியின் தலையணைக்கு அடியில் இருக்கும் சர்க்கரை மாத்திரையையும் மறந்துவிடக் கூடாது. அவற்றுள் சில, ஒன்றே உள்ளே சென்றாலும் பிள்ளையின் இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகத் தாழ்த்திவிடும். கர்ப்பிணிகள் உண்ணும் இரும்புச்சத்து மாத்திரை பார்ப்பதற்கு மிட்டாய் போலவே இருக்கும். பிள்ளையை மருந்து குடிக்க வைப்பதற்காக, "மிட்டாய்" என்று பொய் கூறி ஊட்டுவதையும் விட்டுவிடுவோம். பொய் மார்க்கத்தில் கூடாது. இந்தப் பொய் உயிரையும் பறிக்கக்கூடியது.

அசம்பாவிதம் நேர்ந்துவிட்டால் செய்யவேண்டியவை சிலவே. வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆசிட் என்றால் ஏறும்போது தொண்டையை மீண்டும் ஒருமுறை சுடும். வாயில் எஞ்சியிருப்பதைத் துடைத்தெடுங்கள். பூச்சிமருந்து மேலே சிந்தியிருந்தால் உடையைக் களைந்து நிறைய நீரூற்றிக் கழுவுங்கள். 108-ஐ அழையுங்கள். குடித்த பாட்டிலையும் மருந்து அட்டையையும் மறவாமல் மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் இயங்கும் தேசிய நச்சுத் தகவல் மையத்தின் கட்டணமில்லா எண் 1800 116 117. இதனைச் சமையலறைச் சுவரில் எழுதி வையுங்கள். ஓதிப் பார்க்க விரும்புவோர் மருத்துவமனைக்குச் செல்லும் வழியிலேயே ஓதிக்கொள்ளட்டும். அதற்காக ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம்.

இன்றிரவு பிஸ்மி கூறிக் கதவை அடைக்கும்போது, அத்தாவும் அம்மாவும் சேர்ந்து வீட்டை ஒருமுறை வலம் வாருங்கள். குடிக்கும் பாட்டிலில் குடிக்கக் கூடாத எதுவும் இருக்கலாகாது. இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். மருந்தும் மாத்திரையும் பூட்டிய அலமாரிக்குள் செல்லட்டும். தோற்பையின் வாயைக் கட்டச் சொன்ன சுன்னத், நம் காலத்து வீட்டில் இவ்வாறும் உயிர்பெறும், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எல்லாத் தீங்குகளிலிருந்தும் காத்தருள்வாயாக. அவர்களைக் காக்கும் பொறுப்பில் எங்களைக் கவனமுடையோராக ஆக்குவாயாக. ஆமீன்.