2002 என்று எழுதிய அல்பம்

அலுமாரியைத் துப்புரவு செய்தபோது பழைய அல்பம் ஒன்று அகப்பட்டது. அட்டையில் 2002 என்று மனைவி எழுதியிருந்தார்.

அவ்வாண்டு பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. இரண்டையும் செய்தியாக எழுதியவன் நான். கொழும்பில் பிறந்த என் மகளுக்கு அப்போது ஐந்து வயது. பொம்மைகளை வரிசையில் நிறுத்தி அடையாள அட்டை கேட்பதே அவளது விளையாட்டு.

ஓகஸ்ட் விடுமுறையில் வானொன்றில் யாழ்ப்பாணம் புறப்பட்டோம். ஓமந்தையிலும் முகமாலையிலும் இறங்கி, பொதிகளைத் திறந்து காட்டி, வீடு சேர இரவாகிவிட்டது. பேர்த்தியை அம்மா முதன்முதலாகக் கண்டது அன்றுதான்.

காரைநகர் கசூரினாக் கடற்கரையில், ஆழமற்ற நீரருகே, பதினான்கு மாத மகன் கைப்பிடியை விட்டு நான்கு அடி நடந்தான். மறுநாள் மகளின் முதற்பல் விழுந்தது. அம்மா அதைக் கூரைமேல் எறிந்து, புதுப்பல் தரும்படி அணிலிடம் கேட்டார். முற்றத்தில் நின்று நெடுநேரம் அணிலைத் தேடினாள் மகள்.

2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2008இல் அம்மா காலமானபோது எம்மால் போய்ச்சேர முடியவில்லை.

அந்த ஆண்டின் பேச்சுவார்த்தைகள் குறித்து நான் எழுதிய பத்திகள் பல. அவற்றில் ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை. அந்த நான்கு அடிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன.