பைன் மரத்து நிழல்

நம் தேசத்தில் பிறந்தவனுக்கு நிழலைக் கண்டால் விட மனம் வராது. பஸ்ஸுக்குக் காத்திருந்தாலும் சரி, வண்டி மாட்டை அவிழ்த்தாலும் சரி, முதலில் மரத்தடியைத்தான் தேடுவான். 72 வருஷத்துப் பழக்கம் ஆகாய விமானத்தில் ஏறி இறங்கினால் மட்டும் போய்விடுமா? அந்தப் பழக்கத்தால் சென்ற கோடையில் கலிபோர்னியாவில் எனக்கு நேர்ந்த சங்கடத்தைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

என் மகன் ஃப்ரீமாண்ட் என்ற ஊரில் இருக்கிறான். "டாஹோ ஏரியைப் பார்க்காமல் ஊர் திரும்பக் கூடாது" என்று சொல்லி, சிநேகிதர் ஒருவரிடம் 'கேம்பர்' ஒன்றை இரவல் வாங்கி வந்தான். கேம்பர் என்பது சக்கரம் வைத்த குடித்தனம். அடுப்பு, படுக்கை, குளிக்கும் இடம் எல்லாம் அதற்குள் அடக்கம். பக்கவாட்டில் ஒரு படுதாவைச் சுருட்டி வைத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் அது நம் ஊர்க் கடை வாசல் படுதாவைப் போல விரிகிறது. அதன் கீழே நாற்காலி போட்டுக்கொண்டு காப்பி சாப்பிடலாம்.

சுமார் 200 மைல் பிரயாணம். ஏரியே கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடி உயரத்தில் இருக்கிறது. மலைக் காற்று குளிர்ந்தாலும் வெயில் என்னவோ சுள்ளென்று உறைத்தது. மகன் வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்தப் போனான்.

"அதோ அந்த மரத்தடியில் நிறுத்தேன்" என்றேன்.

"அது பைன் மரம் அப்பா. பிசின் சொட்டும்."

"சொட்டினால் சொட்டட்டும். இந்த வெயிலில் யார் உட்காருவது?"

தகப்பன் வார்த்தையைத் தட்டாத பிள்ளை. மரத்தடியிலேயே நிறுத்தினான்.

ஜெஃப்ரி பைன் என்று அந்த மரத்துக்குப் பெயர். பட்டையின் வெடிப்பில் மூக்கை வைத்தால் வெனிலா ஐஸ்கிரீம் வாசனை வருகிறது! இரண்டு நாள் அந்த வாசனையிலேயே கிறங்கிக் கிடந்தேன். மூன்றாம் நாள் காலையில் நிமிர்ந்து பார்த்தால், படுதாவில் அம்மை போட்டது போல மஞ்சள் மஞ்சளாகப் பொட்டுகள். ஏணியில் ஏறிப் பார்த்தேன். கூரையிலும் அப்படியே.

பிசின் என்பது மரம் தன் காயத்துக்குத் தானே போட்டுக் கொள்ளும் மருந்து. வண்டு துளைத்தால், அந்தத் துவாரத்தின் வழியே பிசினைப் பெருக்கி வண்டை வெளியே தள்ளிவிடுகிறது. அதில் ஆவியாகிற பங்கு ஒன்று, ஆவியாகாத பங்கு ஒன்று. பல பைன் மரங்களின் பிசினைக் காய்ச்சி வடித்தால் ஆவியாவது டர்ப்பன்டைன். மிஞ்சுவது பிடில் வில்லுக்குத் தடவும் ரோஸின். படுதாவில் விழுந்த பிசினுக்கும் வெயிலில் இந்தக் கதிதான். ஆவியாவது போய்விட்டால் மிச்சம் இறுகிக் கொள்ளும். விழுந்த அன்றே துடைத்தால் பாதி வேலைதான்.

இந்த ஞானமெல்லாம் பிற்பாடு வந்தது. அன்று காலை மகனும் மருமகளும் பேத்தியும் ஏரிக்குக் குளிக்கப் போயிருந்தார்கள். நிழலைக் கேட்டவன் நான். அவர்கள் வருவதற்குள் நானே சுத்தம் செய்துவிடுவது என்று கிளம்பினேன். சோப்புத் தண்ணீருக்குப் பிசின் அசையவில்லை. பேத்தியின் பையில் நகப்பூச்சை அழிக்கும் திரவம் இருந்தது. நகத்தில் இருப்பதை அழிப்பது இதை அழிக்காதா என்று துணியில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். ஆகா, பிசின் கரைந்தது! கூடவே படுதாவின் நீலக் கோடும் கரைந்து துணிக்கு வந்துவிட்டது. கோடு இருந்த இடம் முதலில் பிசுபிசுத்தது. பிறகு உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்துப் போயிற்று. அந்தத் திரவத்தில் அஸிடோன் இருக்கிறதாம். வினைல் துணிக்கு அது பரம சத்துரு.

மகன் திரும்பி வந்தபோது துணியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றேன். அவன் படுதாவைப் பார்த்தான். துணியை வாங்கி முகர்ந்தான்.

"கை எரிகிறதா அப்பா? முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்" என்றான்.

அவ்வளவுதான். பிறகு பேசாமல் வேலையில் இறங்கினான். பனிக்கட்டியை ஒரு பையில் போட்டுப் பொட்டின் மேல் வைத்தான். பிசின் விறைத்ததும் பிளாஸ்டிக் கரண்டியின் விளிம்பால் மெல்ல நெம்பினான், சில்லாகத் தெறித்தது. மிச்சக் கறைக்கு ஐஸோபிரொபைல் ஆல்கஹால். ஊசி போடுவதற்கு முன் டாக்டர் பஞ்சில் தொட்டுத் தடவுகிறாரே, அந்த ஜாதி. அதையும் யார் கண்ணிலும் படாத ஒரு மூலையில் வைத்துப் பார்த்து, சாயம் போகவில்லை என்று தெரிந்த பிறகே மற்ற இடங்களில் ஒற்றினான். அது தீப்பற்றும் என்று அடுப்பை முன்னமே அணைக்கச் சொல்லிவிட்டான்.

கூரைக்கு அவன் ஏறியபோது, "கொஞ்சம் மண்ணெண்ணெய் போட்டால்..." என்று கீழேயிருந்து ஆரம்பித்தேன்.

"இது ரப்பர் விரிப்பு அப்பா. மண்ணெண்ணெய், பெட்ரோல், டர்ப்பன்டைன் எது பட்டாலும் உப்பிவிடும்."

வாயை மூடிக்கொண்டேன்.

கடைசியில் சோப்புத் தண்ணீர் விட்டு அலசி, படுதாவை விரித்தபடியே உலர விட்டான். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பூக்கும். பிசினோடு சுருட்டினால் ஓரிடத்துக் கறை பத்து இடத்தில் ஒட்டும்.

உலரும் வரையில் இருவரும் கீழே உட்கார்ந்திருந்தோம். எனக்கு 1986ஆம் வருஷம் ஞாபகம் வந்தது. கும்பகோணத்து வீட்டில் பண்ருட்டிப் பலாப்பழம் ஒன்றை அரிந்து கொண்டிருந்தார்கள். அன்றைத் தபாலில் போக வேண்டிய தொடர்கதை அத்தியாயத்தை மேஜைமேல் வைத்திருந்தேன். ஏழு வயதுப் பையன், பலாப் பிசின் அப்பிய கையோடு அதைத் தொட்டுவிட்டான். மூன்று தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டன. ஓங்கி ஓர் அறை விட்டேன். இன்று இல்லாத என் மனைவி அவனைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனாள். எண்ணெய்க்குத்தான் அந்தப் பிசின் விடும் என்று அவளுக்குத் தெரியும். இராத்திரி உட்கார்ந்து அந்த மூன்று தாள்களையும் திரும்ப எழுதினேன். முன்னைவிட நன்றாகவே வந்தது. அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

"பலாப்பழ சமாசாரம் ஞாபகம் இருக்கிறதா?" என்று கேட்டேன்.

"இருக்கிறது. அம்மா தேங்காய் எண்ணெய் தடவிவிட்டாள்."

அறையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"உன்னை அடித்திருக்கக் கூடாது. திரும்ப எழுதியதில் அத்தியாயம் நன்றாகத்தான் வந்தது" என்றேன். இதைச் சொல்ல எனக்கு ஏறக்குறைய 40 வருஷம் பிடித்திருக்கிறது.

"தெரியும். படித்திருக்கிறேன்" என்றான் அவன்.

சிநேகிதரிடம் அவன் நடந்ததைச் சொல்லி, புதுப் படுதாவுக்குப் பணமும் கொடுத்தான். நான்தான் கொடுப்பேன் என்று பிடிவாதம் செய்தேன். விலையைக் கேட்ட பிறகு, என் நாவல் ஒன்றின் ராயல்டி அதற்குக் காணாது என்று தெரிந்து, பிடிவாதத்தைக் கொஞ்சம் தளர்த்திக் கொண்டேன்.

அன்று படுதா உலர்ந்ததும் அதைச் சுருட்டிவிட்டு, மகன் வண்டியை மரத்தடியிலிருந்து நகர்த்தித் திறந்த வெளியில் நிறுத்தினான். மூன்று மணி வெயில் சுளீரென்று அடித்தது. நான் ஒன்றும் பேசாமல் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டேன்.